புதுமுக மாணவருக்கு ஒன்லைன் விளையாட்டால் நூலகத்தைக் காட்டுவது: வன்னியில் எது ஓடும், எது ஓடாது?

புதுமுகமேசை (வவுனியா)

எல்லாருக்கும் வணக்கம். பல்கலைக்கழக அறிமுக வாரத்தில் நூலகத்துக்கென்று வழக்கமாகக் கிடைப்பது ஒரு மணித்தியாலம்தான். 250 பேரை மண்டபத்தில் இருத்தி, ஸ்லைட் போட்டு, விதிமுறைகளை வாசித்து அனுப்புகிறோம். மூன்றாம் கிழமை அதே பிள்ளைகள் கருமபீடத்துக்கு வந்து "ஓபக்கில இருக்கு, இறாக்கையில இல்லை" என்று நிற்பார்கள். ஓபக் என்றால் நூலகத்தின் கணினிப் பட்டியல். பலர் வந்து கேட்பதும் இல்லை.

இந்த முறை பேச்சைக் குறைத்து ஒன்லைன் விளையாட்டு வைக்கலாம் என்று யோசனை. கஹூட் என்ற ஒன்லைன் வினாவிடைக் கருவியில் 20 கேள்வி: நூலகம் எத்தனை மணிக்குத் திறக்கும், ஒரு தடவைக்கு எத்தனை புத்தகம் இரவல் தருவோம், தண்டம் எவ்வளவு, தசமப் பகுப்பு முறையை உருவாக்கியவர் யார், இப்படி. முதல் மூன்று பேரின் பெயரைத் திரையில் போட்டுப் பரிசும் கொடுக்கலாம். பீடங்கள் மூன்று: பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கை, தொழில்நுட்பவியல். போன் எல்லாரிடமும் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். குறை நிறை சொல்லுங்கள்.

இறாக்கை631 (கிளிநொச்சி)

அக்கா, விளையாட்டு வைப்பது நல்ல விசயம். கேள்விகளைத்தான் மாற்ற வேணும். திறக்கும் நேரமும் தண்டமும் கதவில் ஒட்டியிருக்கிறது; அதை மனப்பாடம் பண்ணி யாருக்கும் ஒரு புத்தகம் கிடைக்கப் போவதில்லை. முதல் மாதத்தில் பிள்ளைகள் எங்கே தடக்குப்படுகிறார்களோ அங்கிருந்து கேள்வியை எடுங்கள். அநேகமாக மூன்று இடம்.

முதலாவது தசமம், அதாவது இறாக்கையில் புத்தகத்தின் இடத்தைக் காட்டும் பகுப்பெண்ணில் வரும் புள்ளி. இதைக் கொஞ்சம் கிட்டப் பார்ப்போம். வியாபாரக் கற்கை மாணவர் கையில் நான்கு புத்தகம் கொடுத்து அடுக்கச் சொல்லுங்கள்: 658.3, 658.15, 658.8, 658.403. கனபேர் 3, 8, 15, 403 என்று அடுக்குவார்கள். புள்ளிக்குப் பின்னால் வருவதை முழு எண்ணாக வாசிக்கிற பழக்கம் அது. சரியான வரிசை 658.15, 658.3, 658.403, 658.8. அதாவது நிதி முகாமைத்துவம், ஆளணி முகாமைத்துவம், தீர்மானம் எடுத்தல், சந்தைப்படுத்தல். 658.15ஐ 658.8க்கு அப்பால் போய்த் தேடுகிறவர் தப்பான இறாக்கைக்கு முன்னால் நின்றுகொண்டு "புத்தகம் இல்லை" என்று முடிவெடுக்கிறார். பிழை அவருடைய சோம்பேறித்தனம் இல்லை. புள்ளிக்குப் பின் ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட வேணும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. கணினிப் பிள்ளைகளுக்கு 005.1, 005.133, 005.74, 005.8 என்று கொடுங்கள். இங்கே விவசாயப் பீடத்துக்கு என்றால் 631.4 மண், 631.5 பயிர்ச்செய்கை, 631.587 நீர்ப்பாசனம், 631.8 பசளை.

இரண்டாவது, ஒரே புத்தகம் மூன்று இடத்தில் இருப்பது. இரவல் பிரதி, குறுங்கால இரவலுக்கான எஸ்.ஆர். பிரதி, வெளியே போகாத பி.ஆர். பிரதி. ஓபக்கில் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு, கீழே பிரதிகளின் அட்டவணையைப் பாராமல் ஓடி வருவார்கள். இரவல் பகுதியில் பிரதி வெளியே போயிருக்கும், எஸ்.ஆர். பிரதி பத்தடி தள்ளிச் சும்மா இருக்கும்.

மூன்றாவது, கிளை. பல கிளைக்கும் ஒரே ஓபக் வைத்திருக்கிற இடத்தில் "இருக்கிறது" என்று திரை சொல்லும், பிரதி இருப்பது 60 கிலோமீற்றருக்கு அங்கால் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில். கிளிநொச்சிப் பிள்ளை இங்கே அறிவியல் நகர் வளாகத்தில் இறாக்கை இறாக்கையாக அலைவார். கிளைப் பெயர் எந்த நிரலில் வருகிறது என்று ஒரு ஸ்கிரீன்சொட்டில் விரலை வைக்கச் சொல்வதே ஒரு நல்ல விளையாட்டுக் கேள்வி.

இந்த மூன்றுக்கும் பிறகு நேரம் இருந்தால் தண்டம் பற்றிக் கேளுங்கள்.

வலைக்கண்ணி

தொழில்நுட்பப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

கஹூட் விரைவுக்குப் புள்ளி கொடுக்கிறது. சரியான விடையை இரண்டு செக்கன் பிந்தி அழுத்தினால் புள்ளி குறையும். மண்டபத்தின் பின்வரிசையில் சிக்னல் இல்லாதவருக்கும் பழைய போன் வைத்திருப்பவருக்கும் அது அநியாயம். கேள்விக்கான நேரத்தைக் கூட்டி, புள்ளி இல்லாத கேள்வியாக மாற்றலாம். இலவசக் கணக்கில் ஆள் எண்ணிக்கைக்கு வரம்பும் உண்டு. அது மாறிக்கொண்டே இருப்பதால் முதல் நாளே பாருங்கள். 250 பேர் வந்து இருந்தபின் பார்ப்பது சரிவராது.

வைஃபை: சாதாரண ரவுட்டர் ஒன்றில் 30, 40 போன் ஏறினாலே திணறத் தொடங்கும். ஒரே நேரத்தில் 250 என்று திட்டமிடவே வேண்டாம். 25 பேர் கொண்ட பத்து அணியாகப் பிரித்து, அணிக்கு அணி அரை மணித்தியாலம் பிந்தித் தொடங்குங்கள்.

படங்கள்தான் கனபேர் கவனிக்காத இடம். போனில் எடுத்த படம் ஒன்று 3, 4 எம்பி. 12 படம் போட்டால் ஒரு ஆளுக்கு 40 எம்பிக்கு மேல். 250 பேருக்கு 10 ஜிபியைத் தாண்டும். அதே படங்களை 800 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி ஒவ்வொன்றையும் 80 கேபிக்குள் கொண்டுவந்தால் ஆளுக்கு 1 எம்பி, மொத்தம் 250 எம்பிதான். அடங்காப்பற்று (வன்னி) பக்கம், மாங்குளம், நெடுங்கேணி வீட்டிலிருந்து சொந்த டேட்டாவில் விளையாடுகிற பிள்ளைக்கும் அது தாங்கும். வீடியோ வேண்டாம். கட்டாயம் என்றால் ஒலி இல்லாமல், 30 செக்கனுக்குள்.

இன்னொன்று, முதல் கிழமையில் பலருக்குப் பல்கலைக்கழக மின்னஞ்சலும் ஒன்லைன் பாடத்தளமான மூடிலின் கணக்கும் திறபட்டிருக்காது. விருந்தினராக நுழைந்து மூடில் குவிஸ் எழுத முடியாது. அதனால் மூடிலில் வைப்பதானால் மூன்றாம் கிழமை வையுங்கள். நூலக அட்டையும் அதற்குள் கைக்கு வந்திருக்கும்.

வாசிகசாலைப்படி (முல்லைத்தீவு)

பெயரைத் திரையில் போடுவதை நான் முழுதாக எதிர்க்கிறேன். காரணம் பகிடிவதை, புதுமுகப் பிள்ளைகளைச் சிரேஷ்ட மாணவர் வதைப்பது. அதைத் தடைசெய்யும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இருந்தும் முதல் மாதம் எப்படிப் போகிறது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். முதலாம் வருடப் பிள்ளையின் பெயர் எந்தப் பட்டியலில் மேலே வந்தாலும், கீழே வந்தாலும், அதை வைத்து விடுதியில் விசாரணை நடக்கும். அணிப் பெயர் மட்டும் காட்டுங்கள். அந்தப் பெயரையும் நூலகமே கொடுக்கட்டும்: பாலை, வீரை, முதிரை, மருது என்று எங்கள் காட்டு மரங்களின் பெயர் வைத்தால் போதும்.

"சிரேஷ்ட மாணவர் ஒருவரிடம் கேட்டு எழுது", "செல்ஃபி எடுத்து ஏற்று" என்ற படிகளும் வேண்டாம். பார்க்க வேடிக்கையாக இருக்கும். முதலாவது பகிடிவதைக்கு நாமே கதவு திறந்து விடுவது. இரண்டாவது பெண்பிள்ளைகளின் படத்தை யாருடைய போனிலோ சேர்ப்பது.

வெட்கம் பற்றியும் ஒன்று சொல்ல வேணும். கொன்ஸ்ரன்ஸ் மெலன் என்ற ஆய்வாளர் 1986இல் நூலகப் பதற்றம் என்பதைப் பற்றி எழுதினார். மற்ற எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும்தான் தெரியாது என்று மாணவர் நினைக்கிறார். கேட்டால் அது வெளியே தெரிந்துவிடும் என்று கேளாமல் விடுகிறார். அமெரிக்க மாணவரைப் பார்த்து எழுதியது; பாடசாலையில் பூட்டிய அலுமாரியை மட்டும் நூலகமாகப் பார்த்து வந்த பிள்ளைக்கு அது இரண்டு மடங்கு பொருந்தும். ஆகவே தேடலுக்கு உதவும் உசாத்துணைப் பகுதி மேசைக்குப் போய் ஒரு கேள்வி கேட்பதையே விளையாட்டின் ஒரு படியாக வையுங்கள். எல்லாரும் கேட்கத்தான் வேணும் என்றால் கேட்பதில் வெட்கம் இல்லை.

புதுமுகமேசை (வவுனியா)

சரி, பெயர்ப் பட்டியலை விட்டாயிற்று. நன்றி அண்ணை.

இரண்டு சந்தேகம். 250 பேரும் மேசைக்கு வந்தால் அங்கே இருப்பவர் என்ன செய்வார்? மற்றது, விடை வாட்ஸ்அப்பில் பத்து நிமிடத்தில் பரவிவிடும். முதல் அணி முடித்ததும் மிச்ச ஒன்பது அணிக்கும் விளையாட்டே இல்லை.

இறாக்கை631 (கிளிநொச்சி)

மேசைக் கணக்கு: ஆளுக்கு 40 செக்கன் என்றால் 250 பேருக்கு 10,000 செக்கன், அதாவது 2 மணித்தியாலம் 47 நிமிடம். ஒருவரால் ஏலாது. ஐந்து பேர் கொண்ட சிறு குழுவாக்கி, குழுவுக்கு ஒருவர் போனால் 50 தடவை. அரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேல். அதையும் பத்து அணிக்குப் பிரித்தால் மேசைக்குப் பாரமே தெரியாது. குழுவில் யார் போவது என்று விளையாட்டே சொல்லட்டும், பதிவிலக்கம் ஆகக் குறைந்தவர் என்று. இல்லாவிட்டால் வாயாடி ஒருவரே எல்லாத்துக்கும் போவார்.

விடை பரவுவதைத் தடுக்க முடியாது. பரவினாலும் உதவாத மாதிரிக் கேள்வியை அமைக்கலாம். குழுவின் பதிவிலக்கங்களில் ஆகக் குறைந்ததன் கடைசி இலக்கம் 0 முதல் 9 வரை எதுவோ அதற்கொரு கேள்வித்தொகுதி. பத்துத் தொகுதி, தொகுதிக்கு இறாக்கையில் தேடி எடுக்க ஆறு புத்தகம், மொத்தம் 60 புத்தகம். புத்தகத்தைக் கண்டுபிடித்து அதிலுள்ள ஒரு இலக்கத்தைப் போனில் போட்டால்தான் அடுத்த படியின் பூட்டுத் திறக்கும். இதற்கு ஒரு நாள் வேலை இருக்கிறது, பொய் சொல்லவில்லை. ஆனால் வருசா வருசம் பாவிக்கலாம்.

புத்தகத்திலிருந்து எந்த இலக்கத்தைப் பூட்டுச் சாவியாக எடுப்பது என்பதில்தான் கவனம் வேணும். உள்ளே துண்டுக் கடதாசி வைத்தால் முதல் ஆள் எடுத்துவிடுவார். பக்கம் 47இன் மூன்றாம் சொல் என்றால் பதிப்பு மாறினால் சொல்லும் மாறும். தலைப்புப் பக்கத்துக்குப் பின்புறம் இருக்கும் ஐஎஸ்பிஎன் என்ற சர்வதேச நூல் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் நல்லது: அதே பதிப்பின் எந்தப் பிரதியை எடுத்தாலும் விடை ஒன்றுதான். 1970க்கு முந்திய புத்தகத்தில் ஐஎஸ்பிஎன் இராது. உள்ளூரில் அச்சிட்ட பலவற்றிலும் இராது. 2007க்கு முந்திய பத்திலக்க எண்ணில் கடைசியில் எக்ஸ் வரலாம், அதைத் தவிருங்கள். 978க்கு அடுத்ததாக 955 அல்லது 624 வந்தால் இலங்கைப் புத்தகம் என்பதை ஒரு துப்பாகவே வைக்கலாம். பிள்ளைகள் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கப் பழகுவார்கள், பிறகு மேற்கோள் எழுதும்போது பதிப்பாண்டை எங்கே பார்ப்பது என்று கேட்க மாட்டார்கள். எஸ்.ஆர். பிரதியைத்தான் எடுத்தார்களா என்று பார்க்க வேணுமென்றால் ஐஎஸ்பிஎன் உதவாது. அந்தப் பிரதிக்கு மட்டும் உரிய பார்கோட் இலக்கத்தைக் கேளுங்கள்.

துப்புக்கு எடுக்கும் புத்தகம் பெரும்பாலும் பி.ஆர். பிரதியாக இருக்கட்டும். இரவல் பிரதி என்றால் முதல் நாளே யாராவது கொண்டுபோய்விடுவார்கள். விளையாட்டு நடுவழியில் நிற்கும்.

வலைக்கண்ணி

இலக்கப் பூட்டுக்கு மூடில் வேண்டாம், கூகிள் ஃபோம் போதும். குறுவிடைக் கேள்வியில் விடைச் சரிபார்ப்பை இயக்கி, எண் இதற்குச் சமம் என்று கொடுத்தால் சரியான இலக்கம் போடும்வரை அடுத்த பிரிவுக்கு விடாது. பூச்சியத்தில் தொடங்கும் எண்ணை எடுக்காதீர்கள், குழப்பம் வரும். பகுப்பெண்ணை முழுதாக எழுதச் சொல்லாதீர்கள். ஒரு இடைவெளி கூடினாலும் பிழை காட்டும், பிள்ளை சரியான புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே தோற்றுப்போவார். பிழைச் செய்தியில் "தவறு" என்று மட்டும் போடாமல் "புள்ளிக்குப் பின் இலக்கம் இலக்கமாகப் பார்த்தீர்களா?" என்று போடுங்கள். கற்பிப்பது அந்த வரிதான்.

தொழில்நுட்பப் பீடத்தார் பக்கத்தின் மூலநிரலைத் திறந்தால் விடை தெரியும். பரவாயில்லை, பரீட்சை இல்லையே.

அடுக்கும் பயிற்சிக்கு மூடிலுக்குள் எச்5பி என்ற பயிற்சிக் கருவி இருக்கிறது. பந்திகளை வரிசைப்படுத்தும் வகையைத் தெரிந்து ஒவ்வொரு பந்திக்கும் ஒரு பகுப்பெண் கொடுங்கள். சிறிய திரையில் விரலால் இழுத்தால் பக்கம் சேர்ந்து உருளும். பக்கத்தில் இருக்கும் மேல், கீழ் அம்புக்குறியை அழுத்தச் சொல்லுங்கள். ஒரு வரிசையில் ஐந்துக்கு மேல் வேண்டாம்.

துவைனில் கதை மாதிரிச் செய்யலாம் என்று சிலர் சொல்வார்கள். நல்ல கருவி, முழு விளையாட்டும் ஒரே எச்டிஎம்எல் கோப்பு. ஆனால் அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சில போன் முன்காட்சியில் மட்டும் திறக்கும். பட்டன் வேலை செய்யாது. ஏதாவது தளத்தில் ஏற்றி இணைப்பைக் கொடுங்கள்.

கியூஆர் கோட் ஒட்டுவதானால்: பார்க்கும் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு அகலம். 40 சென்ரிமீற்றரிலிருந்து பார்க்க 4 சென்ரிமீற்றர் சதுரம். பளபளப்பான லமினேற்றில் ரியூப் லைற் தெறித்து வாசிக்காது, மங்கல் தாள் எடுங்கள். இலவசத் தளங்கள் தரும் மாற்றக்கூடிய கோட் சோதனைக் காலம் முடிந்ததும் செத்துப்போகும். நிலையான கோட்டையே அச்சிடுங்கள்.

பட்டியலாக்கம்

தமிழ்ப் புத்தகத்தைத் துப்பாக வைக்க முன் ஒன்று கவனியுங்கள். ஓபக்கில் "தமிழ்" என்று யூனிகோட்டில் தேடினால் வருகிறதா என்று முதலில் நீங்களே தேடிப் பாருங்கள். பழைய பதிவுகள், ஆங்கில எழுத்துகளைத் தமிழ் வடிவில் காட்டும் பாமினி எழுத்துருவில் தட்டச்சானவையாக இருந்தால், "தமிழ்" என்ற சொல் கணினிக்குள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகளாகத்தான் இருக்கும். யூனிகோட்டில் எத்தனை தரம் தேடினாலும் அது அகப்படாது. நூலக மென்பொருளான கோஹாவில், ஸீப்ரா என்ற அதன் தேடற்பொறியின் அட்டவணையாக்கம் பன்மொழி எழுத்துகளைக் கையாளும் ஐசியு முறையில் அமையாவிட்டாலும் தமிழ்த் தேடல் ஒழுங்காக நடக்காது. இப்படியான பதிவை விளையாட்டில் போட்டால் பிள்ளை படிக்கும் பாடம், தமிழில் தேடினால் ஒன்றும் வராது என்பதுதான். அந்த எண்ணம் நாலு வருசத்துக்கும் போகாது. 60 புத்தகத்தின் பதிவையும் முதலில் திருத்துங்கள். விளையாட்டால் நூலகத்துக்குக் கிடைக்கிற முதல் நன்மை அதுவாக இருக்கட்டும்.

ஆங்கில எழுத்தில் ஊர்ப்பெயர் வரும் புத்தகங்கள் நல்ல புதிர். இரணைமடுக் குளத்தின் பெயரை ஒருவர் நடுவில் ஆங்கில ஐ எழுத்தைச் சேர்த்தும் இன்னொருவர் சேர்க்காமலும் எழுதியிருப்பார். "இரண" வரைக்குமான எழுத்துகளை ஆங்கிலத்தில் அடித்து உடுக்குறி (*) போட்டால் இரண்டும் வரும். விவசாயம், பொறியியல், சூழலியல் எல்லாருக்கும் அந்தக் குளம் தேவைப்படும், ஆகவே தேடவும் மனம் வரும். இறாக்கையில் இல்லாத ஈழத்துப் பழைய நூலுக்கு 2005இல் தொடங்கிய "நூலகம்" (noolaham.org) என்ற இணையத்தளத்தை ஒரு படியில் காட்டுங்கள். இலவசம், உள்நுழைவும் தேவையில்லை.

பட்டன் பெயர்களை மொழிபெயர்க்க வேண்டாம். திரையில் ஆங்கிலத்தில் இருப்பதை அப்படியே படமாகக் காட்டி, விளக்கத்தை மட்டும் தமிழிலும் சிங்களத்திலும் கொடுங்கள். வவுனியாவில் சிங்களப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். விளக்கம் தமிழில் மட்டும் என்றால் அவர்கள் மற்றவரின் விடையைப் பார்த்து எழுதிவிட்டுப் போவார்கள்.

கரும்பலகை

நான் விரிவுரைப் பக்கத்து ஆள். ஒரு சந்தேகத்தை வைக்கிறேன். விளையாடும்போது சிரிப்பார்கள், அடுத்த கிழமை மறப்பார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பிபிலியோபௌட்ஸ் என்றொரு விளையாட்டைச் செய்தார்கள். மாணவர் தங்கள் கட்டுரைக்கு வேண்டிய மூலங்களைத் தேடிச் சேர்ப்பார்கள், ஒருவர் சேர்த்ததை மற்றவர் தரம் பார்ப்பார்கள், கடைசியில் அந்தத் திரட்டு அவர்களுடைய கட்டுரைக்கே உதவும். எனக்கு அதில் பிடித்தது, விளையாட்டு ஒப்படையோடு கட்டப்பட்டிருப்பது. நூலகம் தனியாக நடத்துவது எதுவும் பிள்ளைகளுக்கு மேலதிக வேலைதான். ஒரு பாடத்தின் முதல் ஒப்படையில் "இரண்டு புத்தகம், ஒரு ஆய்வுக் கட்டுரை, எடுத்த இடத்தோடு" என்று விரிவுரையாளர் கேட்கட்டும். விளையாட்டின் கடைசிப் படி அந்த ஒப்படைக்கான முதல் புத்தகத்தை இரவல் எடுப்பதாக இருக்கட்டும்.

இறாக்கை631 (கிளிநொச்சி)

சேர் சொல்வது முற்றிலும் சரி. கடைசிப் பூட்டுக்குச் சாவி கணினியில் இல்லை. ஒவ்வொருவரும் தன் அட்டையைக் கொடுத்து ஒரு புத்தகத்தைப் பதிந்து எடுத்தால் கருமபீடத்தில் அன்றைய இலக்கத்தைச் சொல்வார்கள். முதல் இரவல்தான் கஷ்டம், இரண்டாவது தானாக வரும்.

பலனை அளப்பதற்கும் அதுவே வழி. ஆறாம் கிழமை கோஹா அறிக்கையில் முதலாம் வருட அங்கத்தவரில் இன்னும் ஒரு இரவலும் எடுக்காதவர் எத்தனை பேர் என்று எடுங்கள். விளையாட்டு இரவலை அதில் கழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் எண் உங்களை ஏமாற்றும். போன வருசத்து அணிக்கும் அதே கிழமைக் கணக்கை எடுத்து ஒப்பிடலாம். எண்ணிக்கை மட்டும் போதும். யார் என்ன வாசித்தார் என்பது வெளியே போகக்கூடாது. விளையாட்டுக்கு முன் ஐந்து கேள்வி, மாதம் கழித்து அதே மாதிரி ஐந்து, பகுப்பெண்களை மட்டும் மாற்றி.

வாசிகசாலைப்படி (முல்லைத்தீவு)

இறாக்கை குழம்புவதை ஒருவரும் சொல்லவில்லை. 250 பேர் 60 புத்தகத்தை இழுத்தால் பாதி தப்பான இடத்தில் போய் இருக்கும், அடுத்த அணிக்குக் கிடைக்காது. பார்த்த புத்தகத்தை மீண்டும் இறாக்கையில் செருக வேண்டாம், மேசையில் வைத்துவிட்டுப் போங்கள் என்பது முதல் விதியாக இருக்கட்டும். அணிக்கும் அணிக்கும் இடையில் பத்து நிமிடம் விட்டு உதவியாளர் இருவர் 60 புத்தகப் பட்டியலோடு சுற்றிவந்து திருப்பி அடுக்க வேணும். அந்தப் பட்டியல் பகுப்பெண் வரிசையில் இருந்தால் ஒரே நடையில் முடியும்.

புதுமுகமேசை (வவுனியா)

அப்படியானால் அரை மணித்தியால இடைவெளியில் விளையாட்டுக்கு 20 நிமிடம்தான் மிஞ்சும், ஆறு புத்தகம் முடியாது. தொகுதிக்கு நான்காகக் குறைக்கிறேன், மொத்தம் 40. மூன்றாம் கிழமைக்குத் தள்ளி, இரண்டு நாளாக, நாளுக்கு ஐந்து அணி. கஹூட்டைக் கைவிடுகிறேன்.

658 பகுதிக்கான தொகுதியை முதலில் செய்கிறேன். நாளைக்கு ஒவ்வொரு புத்தகமாக எடுத்து, பி.ஆர். பிரதி இருக்கிறதா, ஐஎஸ்பிஎன்னின் கடைசி நான்கு இலக்கம் பூச்சியத்தில் தொடங்காமலும் எக்ஸில் முடியாமலும் இருக்கிறதா, ஓபக்கில் தலைப்பு அகப்படுகிறதா என்று மூன்றையும் பார்த்துப் பட்டியலை இங்கே போடுகிறேன். கணினிக்கான 005க்கும் புள்ளிவிபரவியலுக்கான 519.5க்கும் யாராவது பொறுப்பெடுங்கள். பிழைச் செய்தி வரிகளைச் சிங்களத்தில் எழுதித் தர ஒருவர் வேணும். மொத்தம் பன்னிரண்டு வரிதான்.